மே மாதத்தைத் தாண்டாத விதை: மால்வாவில் ஒரு சோயா கலப்புப் பணியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சோயா என்றதும் எக்டருக்கு எத்தனை குவிண்டால் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். மத்தியப் பிரதேசத்தின் மால்வா பீடபூமியில் அதற்கு முன்பே கேட்க வேண்டியது ஒன்று உண்டு: ஜூனில் போட்ட விதை முளைத்ததா? அந்தக் கேள்வியை எங்கள் குழு காலம் தாழ்த்திக் கேட்டது. அதனால் நாங்கள் இழந்ததையும், பிறகு கேட்டபோது கிடைத்ததையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மால்வாவில் கரிசல் மண். பயிர் பெரும்பாலும் மானாவாரி. ஜூன் பிற்பாதியில் பருவமழை மண்ணை நனைத்ததும் விதைப்பார்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் அறுவடை முடிந்துவிடும். அப்படியானால் விதை சாக்கில் கிடப்பது ஏறத்தாழ எட்டு மாதம். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அது தணிவதற்குள் மழைக்கு முந்தைய புழுக்கம் வந்து சேரும். சோயா விதையின் உயிரைப் பறிப்பதற்கு இந்த இரண்டும் போதும்.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் எங்கள் வீட்டில் உளுந்து விதையைச் சாம்பல் கலந்து பானையில் போட்டு வைப்பார்கள். அடுத்த பட்டத்துக்கு எடுத்தால் முளைக்கும். சோயா அப்படிப்பட்டதல்ல. அதன் விதையுறை மெல்லியது. முளைவேர் அந்த உறைக்குச் சற்றுக் கீழே, பாதுகாப்பே இல்லாத இடத்தில் படுத்திருக்கிறது. விதையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய், சுமார் 40 சதவீதம் புரதம். அந்த எண்ணெய் வெப்பத்தில் மெல்லச் சிதைய, செல்களின் சவ்வுகள் ஓட்டையாகின்றன. சான்று விதைக்கு இந்தியாவில் வைத்திருக்கும் குறைந்தபட்ச முளைப்புத் திறனே இதைச் சொல்லும்: கொண்டைக்கடலைக்கு 85 சதவீதம், உளுந்துக்கு 75, சோயாவுக்கு 70.

மஞ்சள் சோயா பரவுவதற்கு முன்பு மால்வாவில் 'காலீதூர்' என்ற கறுப்பு விதைச் சோயா இருந்தது. விதை சிறியது, பயிர் அறுவடைக்கு வர நாளாகும், விளைச்சலும் குறைவு. ஆனால் வைத்த விதை முளைக்கும். பிறகு மஞ்சள் ரகங்கள் வந்தன. 1994இல் வெளியான ஜே.எஸ். 335 பல ஆண்டுகள் மத்திய இந்தியாவின் பெரும்பகுதியை ஆண்டது. அதன் பின்னர் ஜே.எஸ். 95-60 போன்ற, 90 நாளுக்குள் முடியும் பருத்த விதை ரகங்களை விவசாயிகள் விரும்பினார்கள். ரபி என்னும் குளிர்காலப் பருவத்தில் கோதுமையோ கொண்டைக்கடலையோ போட வேண்டுமே, நிலம் சீக்கிரம் காலியாக வேண்டும். நியாயமான விருப்பம்தான். ஆனால் ஒவ்வொரு படியிலும் விதை பருத்தது, உறை இளகியது.

எங்கள் குழுவில் மூத்த பயிர்ப் பெருக்க விஞ்ஞானி ஒருவர், விதைத் தொழில்நுட்பத்துக்கு நான், கள உதவியாளர் இருவர். கலப்புச் செய்வதற்கு உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரைத் 'தீதி' (அக்கா) என்று அழைப்போம். பூவின் அளவு, மொக்கின் வயது, இடுக்கியின் கோணம் பற்றியெல்லாம் எங்கள் யாரையும்விட அவருக்கு அதிகம் தெரியும்.

முதலில் கண்டது

எங்களிடம் ஒரு கல்ச்சர் இருந்தது. ரகமாக வெளியிடப்படுவதற்கு முன்பு தேர்வு நிலையில் இருக்கும் வரிசையை அப்படித்தான் சொல்வோம். இரண்டு பருவம் தொடர்ந்து எங்கள் ஆராய்ச்சி நிலையச் சோதனையில் அதுதான் முதலிடம். சாயாது, காய் தரையை உரசாது, விதை பருமனாகவும் வெளிர் மஞ்சளாகவும் இருக்கும். பார்த்தவுடன் கையில் அள்ளத் தோன்றும். மூன்றாம் பருவத்துக்கு அதைப் பெரிய பாத்திகளில் போடுவதற்காக மே கடைசியில் கிடங்கிலிருந்து விதையை எடுத்தோம்.

வழக்கமாக ஜனவரியில் ஒரு முளைப்புச் சோதனையோடு நிறுத்திக்கொள்வோம். அந்த ஆண்டு பெரிய பரப்பு என்பதால் மறுபடியும் மணல் தட்டில் போட்டேன். நூறு நூறாக நான்கு தட்டு. எட்டாம் நாள் எண்ணியபோது ஒவ்வொரு தட்டிலும் பாதிக்குச் சற்று மேல்தான் இயல்பான நாற்றுகள் இருந்தன. எஞ்சியவற்றில் சில மணலுக்குள்ளேயே கூழாகியிருந்தன. சிலவற்றில் வித்திலை வெளியே வந்தும் முளைவேர் இல்லை. இன்னும் சில கொக்கி போல் வளைந்து, பாதியில் ஒடிந்து நின்றன. ஜனவரியில் இதே மூட்டை தரத்தைச் சிரமமின்றித் தாண்டியிருந்தது.

தரம் 70 சதவீதம். விவசாயியின் கையில் இந்த விதை போயிருந்தால் ஏக்கருக்கு 30 கிலோ என்ற பரிந்துரை பயனற்றதாகியிருக்கும். அவர் நாற்பது கிலோவோ அதற்கு மேலோ போட்டிருப்பார். போட்டும் வயலில் திட்டுத்திட்டாக இடைவெளி விழுந்திருக்கும். சோயா சாகுபடியில் விதைதான் பெரிய செலவுகளில் ஒன்று. விளைச்சல் அட்டவணையில் முதலிடம் பிடித்த கல்ச்சர் விவசாயியின் முதல் செலவைக் கூட்டுகிறது என்பதை அந்தத் தட்டுகளுக்கு முன்னால் நின்றபோதுதான் உணர்ந்தேன். மூன்றாண்டு உழைப்புக்குப் பிறகு!

காரணத்தைப் பிரித்துப் பார்த்தது

குழுவில் கருத்து இரண்டாகப் பிரிந்தது. இது சேமிப்புக் குறைபாடு, கிடங்கைக் குளிரூட்டினால் தீர்ந்துவிடும், விளைச்சலை விட்டுக்கொடுக்கக் கூடாது என்றது ஒரு தரப்பு. விவசாயியின் வீட்டில் குளிர்கிடங்கு இல்லை என்றேன் நான். வாதத்தால் முடிவது அல்ல இது, சோதித்துப் பார்ப்போம் என்று மூத்தவர் சொன்னார்.

அடுத்த அறுவடையில் அதே கல்ச்சரின் விதையை நான்காகப் பிரித்தோம். ஒரு பாதியைக் கையால் தட்டிப் பிரித்தோம், மறுபாதியைக் கதிரடிக்கும் இயந்திரத்தில் விட்டோம். ஒவ்வொன்றிலும் பாதி குளிர் அறைக்கும் பாதி சாதாரணத் தகரக் கூரைக் கிடங்குக்கும் போனது. ஒப்பிடுவதற்கு, சிறிய விதையுள்ள பழைய மஞ்சள் ரகம் ஒன்றையும் இதே நான்கு வழியில் வைத்தோம்.

இயந்திரத்தின் பங்கு அன்றைக்கே கண்ணுக்குத் தெரிந்தது. நூறு விதையை நீர்த்த ஹைப்போகுளோரைட் கரைசலில் பத்து நிமிடம் போட்டால் உறை கீறியவை மட்டும் ஊதிப் பெருக்கும். ஊதியவற்றை எண்ணினாலே போதும். கையால் பிரித்ததில் அங்கொன்று இங்கொன்றாக ஊதின. இயந்திரத்தில் வந்ததில் தட்டு முழுக்க ஊதிய விதைகள். அன்று மாலை டிராக்டரிலிருந்து மூட்டைகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த இளைஞரிடம் தீதி, "பையா, கோதுமை மூட்டை மாதிரி எறியாதே. இது உடைந்தால் வெளியே தெரியாது" என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்ற மாட்டேன்.

மே மாதம் பதில் வந்தது. குளிர் அறையில் இருந்தவை எல்லாம் நன்றாக முளைத்தன. தகரக் கூரையின் கீழ் இயந்திர விதை மோசம், கையால் பிரித்தது அதைவிட மேல். ஆனால் கையால் பிரித்த எங்கள் கல்ச்சரும் கையால் பிரித்த பழைய ரகத்துக்கு வெகுவாகப் பின்தங்கியது. அடிபடாத விதை, ஒரே கிடங்கு, ஒரே கோடை. எஞ்சியிருக்கும் வேறுபாடு மரபுவழி வந்ததாகத்தான் இருக்க வேண்டும். டெட்ரசோலியம் சாயத்தில் ஊற வைத்தால் உயிருள்ள திசு சிவக்கும், இறந்தது வெளிறி நிற்கும். எங்கள் கல்ச்சரைப் பிளந்து பார்த்தபோது வித்திலைகள் சிவந்திருந்தன. முளைவேரின் நுனி மட்டும் வெள்ளையாக இருந்தது. விதையின் பெரும்பகுதி உயிரோடு இருந்தும் பயனில்லை.

கலப்புக்கு எடுத்த முடிவு

மூன்று வழிகள் இருந்தன. கல்ச்சரைக் கைவிடுவது ஒன்று. அப்படியே பெரிய சோதனைக்கு அனுப்பி, விதைச் சேமிப்பை விதை நிறுவனங்களின் பொறுப்பில் விடுவது இன்னொன்று. மூன்றாவது, அதன் விளைச்சலை வைத்துக்கொண்டு விதையின் ஆயுளை வெளியிலிருந்து கொண்டுவருவது. மூன்றாவதையே தேர்ந்தோம். மால்வாவில் விதைக்கப்படும் சோயாவில் பெரும்பங்கு விவசாயி தன் வீட்டில் எடுத்து வைத்ததோ பக்கத்து வீட்டில் வாங்கியதோதான். அந்தச் சாக்கில் உயிரோடு இருக்க முடியாத ரகத்தை வெளியிடுவது சரியல்ல என்று மூத்தவர் கருதினார். எனக்கும் அதில் ஐயம் இல்லை.

கொடையாளியாக, காலீதூரைப் போன்ற கறுப்பு விதை நாட்டுச் சேகரிப்பு ஒன்றை எடுத்தோம். அதன் குறைகளை அறிந்தே எடுத்தோம்: தாமதமாகப் பூக்கும், கொடியோடிச் சாயும், விதை கறுப்பு. மால்வா மண்டியில் மஞ்சள் சோயாவுக்குத்தான் விலை.

சோயா குறும்பகல் பயிர், பூக்கும் காலத்தைப் பகலின் நீளம் தீர்மானிக்கிறது. நாட்டுச் செடியை முன்னதாக விதைப்பதால் அது முன்னதாகப் பூத்துவிடாது. ஆகவே எங்கள் கல்ச்சரைப் பத்து நாள் இடைவெளியில் மூன்று தவணையாக விதைத்தோம். கடைசித் தவணையும் நாட்டுச் செடியும் ஒரே வாரத்தில் பூத்தன.

சோயாப் பூ உளுந்துப் பூவைவிடச் சிறியது. மலர்வதற்கு முன்பே உள்ளுக்குள் தன் மகரந்தத்தை ஏற்றுக்கொண்டுவிடும். இதழின் நுனி புல்லி இதழுக்கு வெளியே எட்டிப்பார்க்கும் அந்த ஒரு நிலையில்தான் மொக்கைப் பிரிக்க வேண்டும். தீதி ஈரத் தரையில் குந்தி உட்கார்ந்து, புல்லி இதழ்களைச் சுற்றிலும் இடுக்கியால் கழற்றி, இதழ்களை ஒரே இழுப்பில் உருவுவார். சூல்முடி நசுங்காமல் இருப்பதுதான் முக்கியம். பிறகு நாட்டுச் செடியின் ஊதாப் பூ ஒன்றைப் பிரித்து அதன் மகரந்தப் பைகளைச் சூல்முடியில் ஒற்றுவார். காம்பில் நூல் கட்டுவது என் வேலை. கட்டிய நூல்களில் பெரும்பாலானவை ஒரு வாரத்தில் பூவோடு உதிர்ந்து தரையில் கிடந்தன. பிடித்த காய்கள் மிகச் சில.

எங்கள் கல்ச்சரின் பூ வெள்ளை, கொடையாளியின் பூ ஊதா. ஊதா ஓங்கிய பண்பு. அடுத்த பருவத்தில் இளநாற்றின் தண்டில் ஊதா படர்ந்தவற்றை மட்டும் உண்மையான கலப்பு என்று வைத்துக்கொண்டோம். பச்சையாக இருந்தவை தற்கலப்பு. பிடுங்கி எறிந்தோம்.

நான் செய்த தவறு

முதல் தலைமுறைச் செடிகளிலிருந்து இரண்டாம் தலைமுறை விதை வந்தது. ஒரு பருவத்தை மிச்சப்படுத்தலாம் என்ற அவசரத்தில் அந்த விதைகளை ஊற வைத்து, வேகமாக ஊதியவற்றைக் கழித்தேன். ஊதாமல் நின்ற பாதியை 'உறை உறுதியானவை' என்று குறித்து விதைக்கு வைத்தேன்.

மூத்தவர் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு ஒன்றே கேட்டார்: "இந்த உறை யாருடையது?"

விதைக்குள் இருக்கும் கரு புதிய தலைமுறை. உறையோ தாயின் திசு. முதல் தலைமுறைச் செடிகள் எல்லாம் ஒரே மரபமைப்பு உடையவை என்பதால் அவை கொடுத்த விதைகளின் உறைகளும் மரபளவில் ஒன்றேதான். நான் கண்ட வேறுபாடு காய் செடியில் எந்த உயரத்தில் இருந்தது, முதிரும்போது மழை பட்டதா என்பதிலிருந்து வந்தது. உறையின் மரபு வேறுபாடு, இரண்டாம் தலைமுறைச் செடி வளர்ந்து, தன் விதையைக் கொடுக்கும்போதுதான் தெரியும். நான் செய்தது தேர்வே அல்ல. கண்ணை மூடிக்கொண்டு பாதியைக் கொட்டியதற்குச் சமம். கொட்டிய பாதியில் நல்ல கருக்கள் எத்தனை போயினவோ! பாடப் புத்தகத்தில் படித்துத் தேர்வில் எழுதிய செய்திதான் இது, வேலையின் நடுவில் நினைவுக்கு வரவில்லை.

இழந்ததை ஈடுசெய்ய அந்தப் பருவமே கலப்பை மறுபடி செய்தோம். அத்துடன், முதல் தலைமுறைச் செடிகளை அவற்றின் பெற்றோரான எங்கள் கல்ச்சருடனேயே மறுபடி கலக்கும் பின்கலப்பும் ஒருமுறை செய்தோம். பின்கலப்பு எங்கள் திட்டத்தில் இல்லாதது. நாட்டுச் செடியின் தாமதத்தைக் குறைக்க அதுவே பின்னாளில் உதவியது.

தேர்வு முறையை மாற்றியது

இரண்டாம் தலைமுறைச் செடி ஒவ்வொன்றையும் தனியாகப் பிடுங்கி, கையால் பிரித்து, தனித்தனிக் காகிதப் பையில் போட்டோம். இயந்திரத்துக்கு அங்கே இடமே இல்லை. ஒவ்வொரு பையிலிருந்தும் இருபத்தைந்து விதையைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு மீதியைக் குளிர் அறையில் பத்திரப்படுத்தினோம். இருபத்தைந்து விதை கணக்குக்குப் போதாது என்பது தெரியும். மிக மோசமானதைக் கழிக்க மட்டும் அதைப் பயன்படுத்தினோம்.

நான்காம் தலைமுறையில் விதை போதுமான அளவு கிடைத்ததும் மூன்று சோதனை வைத்தோம். முதிர்ந்த பிறகும் இரண்டு வாரம் வயலிலேயே நிற்கவிட்டு அறுப்பது முதலாவது. அக்டோபர் மழை விதையைக் கெடுக்கிறதா என்பது அதில் தெரியும். 41 டிகிரி செல்சியஸில், முழு ஈரப்பதத்தில் 72 மணி நேரம் வைத்து, பின் முளைக்க விடும் துரித முதுமைச் சோதனை இரண்டாவது. மூன்றாவது எளிமையானது: கோணிப் பை, தகரக் கூரை, ஜூன் முதல் வாரம். மூன்றிலும் என் நம்பிக்கை கடைசியின் மேல்தான். அது மெதுவானது, ஆனால் விவசாயி வைப்பது அப்படித்தான்.

கறுப்பு விதைக் குடும்பங்கள் (ஒரே செடியின் வழிவந்தவற்றைக் குடும்பம் என்போம்) பெரும்பாலும் நன்றாக நின்றன. ஆனால் மஞ்சளிலும் நின்றவை இருந்தன என்பதே எங்களுக்கு வேண்டிய செய்தி. நிறமும் ஆயுளும் பிரிக்க முடியாதபடி பிணைந்திருந்தால் பணி அங்கேயே முடிந்திருக்கும். விதைப் பருமனோ அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. நூறு விதை எடை கூடக் கூட மே மாத முளைப்பு சரிந்தது. கண்ணைக் கவரும் அந்தப் பருமனை விட்டுவிட்டு நடுத்தர விதைக்கு இறங்கினோம்.

ஒரு குடும்பத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோணிப் பைச் சோதனையில் அதன் விதைகள் எதுவும் அழுகவில்லை. மகிழ்ச்சியோடு எட்டாம் நாள் தட்டைக் கிளறினால் பல விதைகள் போட்டபடியே, உருண்டைக் கல்லாக, நீரே குடிக்காமல் கிடந்தன. உயிர் உண்டு, ஆனால் உறை தண்ணீரை உள்ளே விடவில்லை. வயலில் அது தவணை முறையில் முளைக்கும். ஒன்று பூக்கும்போது இன்னொன்று இரண்டிலையில் நிற்கும். சோயாப் பால் எடுப்பவருக்கும் அது ஊறாது. கழித்தோம். முளைப்பில் முன்னணியில் இருந்த மற்றொன்று அக்டோபர் நடுப்பகல் வெயிலில் படபடவென்று நெற்று வெடித்து விதையைத் தரையில் சிதறியது. அதையும் கழித்தோம்.

விளைவு

ஏழாம் தலைமுறையில் இரண்டு கல்ச்சர்கள் தேறின. இரண்டும் மஞ்சள், நடுத்தர விதை, பழைய கல்ச்சரைவிட ஒரு வாரம் தாமதம். நிலையத்தில் இரண்டு பருவம் பார்த்த பின் பல இடச் சோதனைக்கு அனுப்பினோம். ஒன்று மஞ்சள் தேமல் நோயைத் தாங்காமல் முதலாண்டே விழுந்தது. மற்றது இரண்டாம் ஆண்டு வரை சென்றது. விளைச்சலில் ஒப்பீட்டு ரகத்தைத் தொட்டது, ஆனால் தாண்டவில்லை. மேலே ஏற அது போதாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அத்தகைய சோதனைகளில் எல்லாக் கல்ச்சருக்கும் நல்ல விதைதான் போகிறது. நாற்றுகளைக் கலைத்து எண்ணிக்கையைச் சமன் செய்கிறார்கள். விளைச்சல் திறனை அறிய அதுவே சரியான முறை. ஆனால் கோடையைத் தாண்டி வந்த விதையில் எங்கள் கல்ச்சருக்கு இருந்த மேன்மை அந்த முறையில் தெரிய வழியில்லை. அதைக் காட்டும் அளவீடு ஒன்றையும் சேர்த்து அனுப்பாதது எங்கள் குறை.

அதே காலத்தில் பக்கத்துக் கிராமத்தில் மூன்று வீடுகளில் எங்கள் கல்ச்சரையும் அவரவர் போடும் ரகத்தையும் அருகருகே வைத்து, ஜூனில் மாதிரி எடுத்தோம். இரண்டு வீடுகளில் எங்கள் விதை 70 சதவீதத் தரத்துக்கு மேலே நின்றது, அவர்களுடையது கீழே இருந்தது. மூன்றாம் வீட்டில் இரண்டுமே கெட்டன. அங்கே சாக்குகள் மரப்பலகை இல்லாமல், சுவரை ஒட்டி, சிமென்ட் தரையில் இருந்தன. தரையின் ஈரம் அடிச்சாக்கு வரை ஏறியிருந்தது. மரபு எவ்வளவு மாறினாலும் அடியில் ஒரு பலகை வேண்டும். அந்த வீட்டம்மா அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே பழைய கட்டிலின் சட்டங்களைக் கொண்டுவந்து சாக்கின் அடியில் போட்டார்.

இன்று தொடங்கினால்

மே மாதச் சோதனையைத் தேர்வின் கடைசியில் வைக்க மாட்டோம். முதல் விளைச்சல் சோதனைக்குப் போகும் எந்தக் கல்ச்சரும் அதற்கு முன்பே ஒரு கோடையைக் கோணிப் பையில் கழித்திருக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் எங்கள் முதல் கல்ச்சரின் பின்னால் மூன்று பருவம் ஓடியிருக்க மாட்டோம்.

நிலையச் சோதனையில் ஒரு பகுதியை, கலைத்தல் இல்லாமல், வீட்டில் சேமித்த விதையாலேயே விதைப்போம். எக்டர் விளைச்சலுக்குப் பக்கத்தில் மீட்டருக்கு எத்தனை செடி நின்றது என்ற பத்தியும் இருக்கும். கொடையாளியாக ஒரே நாட்டுச் செடியை நம்பியதும் சரியல்ல. நல்ல ஆயுளுள்ள மஞ்சள் விதைப் பெற்றோர் ஒன்றையும் கூடவே எடுத்திருந்தால் தாமதத்தோடும் கொடியோடும் மல்லுக்கட்டிய பருவங்கள் குறைந்திருக்கும். தேமல் எதிர்ப்பை முதல் கலப்பிலேயே சேர்க்காததற்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. அந்த நோய் மால்வாவுக்குப் புதிதல்ல.

வெளியாகாத அந்தக் கல்ச்சர் இப்போது கலப்பு வயலில் தாயாக நிற்கிறது. தந்தையாகத் தேமலைத் தாங்கும், விளைச்சல் மிகுந்த மஞ்சள் ரகம் ஒன்றை எடுத்திருக்கிறோம். தீதிக்குப் பார்வை மங்கியதால் அவருடைய மருமகள் இடுக்கியைப் பிடிக்கிறாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து மொக்கைத் தேர்ந்து காட்டுகிறார். முந்தைய கலப்பின் நான்காம் தலைமுறை விதை, தகரக் கூரையின் கீழ், பலகை மேல் அடுக்கிய சாக்குகளில் இருக்கிறது. ஜூன் முதல் வாரம் பிரிப்போம்.